தோணி ஏறி வந்த மலையகம்

தலவாக்கலை, நானுஓயா, ஹட்டன் பக்கத்து பஸ் பலகைகளை வாசித்துக்கொண்டே போனால் போதும், பாதி ஸ்கொட்லாந்தைச் சுற்றிவிடலாம். ஹோலிரூட், பால்மோரல், கிளாஸ்கோ, எடின்பரோ, டன்சினன், ஸ்ட்ரத்டன். எல்லாம் அந்தச் சின்ன நாட்டின் அரண்மனைகள், நகரங்கள், குன்றுகள், பள்ளத்தாக்குகள். கினிகத்தேனைப் பக்கத்தில் விழுகிற அருவிக்குக்கூட அபர்டீன் என்றுதான் பெயர். கொழுந்து நிறுக்கிற இடத்திலும் பிரசவ வார்டிலும் மரணச் சான்றிதழிலும் இந்தப் பெயர்களைத்தான் ஐந்தாறு தலைமுறையாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

தேயிலைத் தோட்டங்களுக்கு இந்தப் பெயர்களை வைத்த துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையோரப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் பிறந்த ஓக்கன்பிளே கிராமத்திலிருந்து வடகடல் சில மைல் தூரம்தான். அந்தக் கரை நெடுகச் சின்னச் சின்னத் துறைகள். துறைக்குத் துறை மரப்படகு கட்டுகிற பட்டறைகள். டெய்லர் 1852இல் பதினாறு வயதுப் பையனாக இங்கே வந்து இறங்கியபோது, அவருடைய ஊர்க்கரையில் மீன்பிடிப் படகுகள் நூற்றுக்கணக்கில் பாய் விரித்துக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன.

அந்தப் படகுகளை அந்த ஊர்க்காரர்கள் இன்று எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தபோதுதான், நம்மைச் சுமந்து வந்த மரத்தோணியை நாம் என்ன செய்தோம் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

முதலில் அவர்கள் கதை. ஸ்கொட்லாந்தின் மீன்பிடி என்றால் ஹெரிங் மீன்தான், நம்முடைய சாளைக்கு ஒன்றுவிட்ட உறவு. கூட்டம் கூட்டமாக வரும் அந்த மீனைத் துரத்திப் பிடிக்க வேகமான படகு வேண்டும். முன்னும் பின்னும் செங்குத்தாக நிமிர்ந்த ‘ஃபைஃபி’ ஒரு வகை. பின்பக்கம் சரிந்து நிற்கும் ‘ஸ்காஃபி’ இன்னொரு வகை. 1879இல் லொசிமவுத் என்ற துறையில் வில்லியம் கேம்பல் என்ற படகுத் தச்சர் முதலாவதன் முகப்பையும் இரண்டாவதன் பின்சரிவையும் ஒரே படகில் சேர்த்தார். அந்த ஆண்டில்தான் தென்னாபிரிக்காவில் சூலு மக்களோடு பிரித்தானியப் படை மோதிக்கொண்டிருந்தது. பத்திரிகையெல்லாம் அதே பேச்சு. படகுக்கும் ‘சூலு’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிந்திக் கட்டிய சூலு படகுகள் எண்பது அடி நீளம் வரை போயின.

சட்டத்துக்கு ஓக் மரம், பலகைக்கு லார்ச் மரம். பெரும்பாலான தச்சர்களிடம் தாளில் போட்ட வரைபடம் இருக்கவில்லை. கையளவு மரக்கட்டையில் படகின் பாதி உடலைச் செதுக்குவார்கள். படகுக்கு இடமும் வலமும் ஒன்றுதானே, பாதி போதும். படகு கேட்டு வந்தவர் அந்தக் கட்டையைத் தடவிப் பார்த்து, இங்கே கொஞ்சம் குறை, அங்கே கொஞ்சம் ஏற்று என்பார். அவர் தலையாட்டியதும் அந்தப் பாதிக் கட்டையிலிருந்தே அளவு எடுத்து எண்பதடிப் படகை எழுப்புவார்கள். பாயும் வலையும் உப்புநீரில் இற்றுப்போகாமல் இருக்கக் காசுக்கட்டி காய்ச்சிய நீரில் ஊறப்போடுவார்கள். பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் போன அதே காசுக்கட்டிதான், நம்முடைய பாட்டிமார் வெற்றிலையோடு மென்றது. பழைய ஓவியங்களில் ஸ்கொட்லாந்துப் பாய்கள் செம்பழுப்பாகத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

இவ்வளவு பெருமையும் ஒரு கட்டத்தில் விறகாகப் போனது. 1990களில், கடலில் மீன் குறைகிறது, படகுகளைக் குறைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியக் கொள்கைப்படி பிரித்தானிய அரசு மீனவருக்குப் பணம் கொடுத்தது. படகை விற்கவோ வேறு வேலைக்கு மாற்றவோ இடமில்லாமல் உடைத்துப் போட வேண்டும் என்பது நடைமுறையானது. தகப்பனும் பாட்டனும் ஓட்டிய படகைக் கரையில் இழுத்துவைத்து, இயந்திரக் கரத்தால் நொறுக்குவதை மீனவர் நின்று பார்த்தார்கள்.

அந்த அடிதான் அவர்களை எழுப்பியது என்று நினைக்கிறேன். ஆன்ஸ்ட்ரதர் என்ற ஊரில் ஸ்கொட்லாந்து மீன்பிடி அருங்காட்சியகம் இருக்கிறது. அவர்கள் ‘ரீப்பர்’ என்ற பழைய ஃபைஃபி படகைப் பழுது பார்த்து மிதக்க வைத்தார்கள். ஷெட்லாந்துத் தீவில் 1900இல் கட்டிய ‘ஸ்வான்’ இன்றும் பாய் விரித்து ஓடுகிறது. போர்ட்சொய் என்ற சிறு துறையில் 1993 முதல் பழைய படகுகளுக்கென்றே திருவிழா. எனக்குப் பிடித்தது இன்னொன்று. 2009 அளவில் ஆன்ஸ்ட்ரதர் அருங்காட்சியகத்தின் முயற்சியால், பழைய மீன்பிடிப் படகு ஒன்றின் சாயலில் ஒரு துடுப்புப் படகு வடிவமைக்கப்பட்டது. பலகைகளை அளவாக வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஊர்க்காரர்களே கூடிப் பொருத்தி, வண்ணம் பூசி, கடலில் இறக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர், கடைக்காரர், பள்ளிப் பிள்ளை என்று உளி பிடித்தறியாதவர்கள் சேர்ந்து கட்டிய அந்தப் படகுகள் இப்போது உலகம் முழுதும் இருநூறுக்கு மேல்.

இனி நம் கதை.

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோப்பி மலையில் தொடங்குவார்கள். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளை வரையிலான காட்டுப் பாதையில் தொடங்குவார்கள். அதற்கும் முன்னால் ஒரு கடல் இருந்தது. 1823இல் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து, இரும்புக் கப்பல் வருகிற வரையில் நம் முன்னோரில் பெருந்தொகையானவர்கள் அந்தக் கடலைத் தாண்டியது மரத்தோணியில். பாக்குநீரிணையின் இந்தியக் கரையில் தொண்டி, அம்மாபட்டினம், தேவிபட்டினம், பாம்பன் என்று எந்தத் துறையில் கங்காணி ஆட்களைச் சேர்த்தானோ அங்கே ஏறி, மன்னார்க் கரையில் இறங்கினார்கள். காற்று ஒத்துழைத்தால் ஒரு பகல், ஓர் இரவு. ஒத்துழைக்காவிட்டால் குடிநீர் தீரும்வரை கடல்தான். வரகும் சோளமும் விளைந்த வானம் பார்த்த பூமிக்காரர்கள் அவர்கள். முக்கால்வாசிப் பேர் அன்றுதான் கடலையே முதன்முதல் பார்த்திருப்பார்கள். தோணியோ அரிசியும் கருவாடும் ஏற்றக் கட்டியது. அதில் ஆட்களை நெருக்கி உட்கார வைத்தார்கள்.

பாக்குநீரிணை குளம் மாதிரி ஆழமில்லாத கடல் என்று சிலர் சொல்வதுண்டு. ஆழமில்லாததுதான் ஆபத்து. மணல்திட்டு எங்கே நகர்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். வடகீழ்க் காற்று எழும்பினால் குட்டை அலை குத்துக் குத்தாக வரும். அந்தக் கடலுக்கென்றே அந்தக் கரை ஒரு படகைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. அதன் பெயர் வத்தை. பலகையால் கட்டிய, அடி ஆழமில்லாத, பெரும்பாலும் மூன்று பாய்மரம் கொண்ட படகு. பாய் நிறையக் காற்றைப் பிடித்தால் தட்டையான அடிப்பக்கம் கவிழப் பார்க்கும். அதற்காகப் படகின் குறுக்கே ஒரு நீண்ட பலகை. காற்று வருகிற பக்கமாக அந்தப் பலகையை நீட்டி, அதன் நுனியில் ஆள் ஏறி உட்கார்ந்து படகை நிமிர்த்துவான். காற்று கூடினால் இன்னோர் ஆள். கடலுக்கு மேலே வெறும் பலகையில் தொங்கிக்கொண்டு உடம்பையே எடைக்கல்லாக வைத்துப் படகோட்டிய அந்த ஆட்களைப் பற்றி, சென்னை மாகாண மீன்வளத்துறையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹோர்னல் வியந்து எழுதியிருக்கிறார். இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் இந்தத் துறையில் பேசப்படுகிறது. நம் கரையின் படகுகளை அளந்து எழுதிவைக்க ஒரு வெள்ளைக்காரர்தான் வர வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

வத்தை மீனுக்கும் சிறு சரக்குக்கும். பெருஞ்சரக்குக்குத் தோணி. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு அரிசி, மிளகாய், வெங்காயம், கருவாடு, ஓடு என்று ஏற்றிவந்த தோணிகள்தான் ஒரு காலத்தில் இந்த மலைகளுக்குச் சோறு போட்டன. தோட்டத்தில் சம்பளத்தில் கழித்துக் கொடுத்த அரிசி மூட்டை தோணியிலோ கப்பலிலோ வந்த மூட்டை. பிற்காலத்தில் நம்மவர்கள் பலரும் அதே தூத்துக்குடி–கொழும்பு வழியாகத்தான் வந்தார்கள்.

இந்தத் தோணியைக் கட்டுகிறவர் ஓடாவி. அவர் வேலையை விவரமாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால், ஸ்கொட்லாந்துத் தச்சரிடம் பாதிக் கட்டையாவது இருந்தது. நம் ஓடாவியிடம் அதுவும் இருக்கவில்லை. முழுத் தோணியும் அவர் மனதில்.

முதல் வேலை மரம் பார்ப்பது. தோணியின் விலா எலும்பு போன்ற வங்குகளுக்கு நாட்டுக் கருவேலம். நேரான மரத்தை அறுத்து வளைவு செய்தால் அந்த இடத்தில் நார் அறுந்துவிடும், பலம் இருக்காது. ஆகவே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடிப் போவார்கள். கண்மாய்க் கரையில் காற்றுக்கு முதுகு காட்டி வளர்ந்த மரத்தைப் பார்த்ததும், இது எந்த இடத்து வங்குக்கு ஆகும் என்று மேஸ்திரியின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு விறகாகத் தெரிகிற கோணல் மரம் அவருக்குப் பொக்கிஷம். பலகைக்கு அயினி, தேக்கு, கிடைக்கிற இடத்தில் இலுப்பை, வேம்பு. மரத்தை வாங்கியதும் வேலை தொடங்கிவிடாது. காய வேண்டியதைக் காய விட்டு, ஊற வேண்டியதை நீரில் ஊற விட்டுத்தான் கை வைப்பார்கள்.

கடற்கரை மணலிலேயே பட்டறை. நல்ல நாள் பார்த்து, பூசை வைத்து, ஏரா என்ற அடிமரத்தைக் கிடத்துவார்கள். முதுகெலும்பு அதுதான். அதன் நீளத்தை வைத்தே அகலம், உயரம், பாய்மரத்தின் உயரம், பாயைத் தாங்கும் பருமலின் நீளம் எல்லாம் விகிதக் கணக்கில் வந்துவிடும். அந்தக் கணக்கு ஏட்டில் இல்லை. தகப்பனோ மாமனோ வேலை செய்கையில் பக்கத்தில் நின்று, சுத்தியல் எடுத்துக் கொடுத்து, திட்டு வாங்கி, வருடக் கணக்கில் கை பழகி வருவது. ஏராவின் இரு முனையிலும் முகப்பு மரத்தையும் பின்மரத்தையும் நிறுத்தி, பலகைகளை ஒன்றோடொன்று விளிம்பு பொருத்தி அடுக்கி, உள்ளே வங்குகளை ஏற்றி இறுக்குவார்கள். பலகை வளைய மறுத்தால் நெருப்பில் வாட்டி, ஈரம் கொடுத்து, கயிறு கட்டி முறுக்கி, மெல்ல மெல்ல அதன் இடத்துக்குக் கொண்டுவருவார்கள்.

கலப்பற்று என்பது இந்த வேலையிலேயே பொறுமையானது. இரண்டு பலகைக்கு நடுவிலுள்ள இடுக்கில் எண்ணெயில் தோய்த்த பஞ்சையோ நாரையோ உளியால் திணித்து அடித்து, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய கலவையைப் பூசி அடைப்பார்கள். அதிகம் அடித்தால் பலகை விலகும், குறைத்து அடித்தால் தண்ணீர் கசியும். கடலில் இறங்கியதும் மரம் நீர் குடித்து ஊதி மிச்ச இடுக்கை அதுவே மூடிக்கொள்ளும். எவ்வளவு ஊதும் என்று முன்கூட்டியே தெரிந்து இடம் விட்டு அடிக்கிறவன்தான் கெட்டிக்காரன். புழு அண்டாமல் இருக்க உடலெங்கும் மீன் எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நாற்றத்தைத் தாங்கத் தெரிந்தவன்தான் கடலுக்குப் போக முடியும்!

தோணிக்குக் கண் வைக்கிற வழக்கம் யாழ்ப்பாணக் கரையிலும் சோழமண்டலக் கரையிலும் இருந்தது. அணியம் என்ற முன்பகுதியின் இரு பக்கமும் செதுக்கியோ வரைந்தோ வைத்த அந்தக் கண்களால் தோணி தன் வழியைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். சிலைக்குக் கண் திறப்பது மாதிரித்தான். ஓடாவிக்கும் சிற்பிக்கும் நடுவில் அதிக தூரம் இல்லை.

இந்தக் கைவேலையின் உச்சம் எது என்று கேட்டால் வடக்கைத்தான் காட்டுவேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வல்வெட்டித்துறை பாய்க்கப்பல் ஓட்டிகளின் ஊர். நாகபட்டினம், காக்கிநாடா, இரங்கூன் என்று அவர்களுடைய கப்பல்கள் போகாத துறை குறைவு. அந்த ஊர்க் கரையில் 1930 அளவில் சுந்தர மேஸ்திரியார் கட்டிய கப்பல் ‘அன்னபூரணி’. நீளம் 89 அடி. பெரும்பாலும் வேப்ப மரம். சிறிய பாய்ப்படகில் உலகைச் சுற்றிப் பெயர் வாங்கியிருந்த வில்லியம் அல்பேட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் இந்தக் கப்பலில் மயங்கினார். கொழும்பிலோ காலியிலோ அதைவிட மினுக்கான கப்பல்கள் கிடைத்திருக்கும். அவர் வாங்கியது இதைத்தான். மனைவி பெயரைச் சேர்த்து ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று பெயரை மாற்றினார். 1937 பெப்ரவரியில் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை உட்பட வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐந்து பேர் அதைச் செலுத்திப் புறப்பட்டார்கள். கொழும்பு, ஏடன், சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்ட்டர், அட்லாண்டிக், பெர்மியூடா. 1938 ஓகஸ்ட் முதலாம் திகதி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்டர் துறைமுகத்தில் நங்கூரம் போட்டார்கள். குளொஸ்டரும் மீன்பிடிப் பாய்க்கப்பல்களுக்குப் பேர்போன ஊர். அந்த ஊர்க்காரர்கள் கரையில் நின்று பார்த்த வேப்பமரக் கப்பலைக் கட்டியவர் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் படித்ததில்லை.

வல்வெட்டித்துறைக்காரர்களுக்கு அன்னபூரணி பெருமை. பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள், கட்டுரை எழுதுகிறார்கள், மாதிரி செய்து வைக்கிறார்கள். மலையகத்துக்குத் தோணி என்ன?

வசை. நாலு தலைமுறையாக இந்த மண்ணில் பிறந்து இந்த மண்ணிலேயே புதைந்தவர்களின் பிள்ளையைப் பார்த்து, பஸ்ஸிலும் கச்சேரி வாசலிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் ‘கள்ளத்தோணி’ என்றார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் குடியுரிமையைப் பறித்தபின் அந்தச் சொல்லுக்குச் சட்டத்தின் தைரியமும் வந்துவிட்டது. சொன்னவர்களில் சிங்களவரும் உண்டு, தமிழரும் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. நம்மவர் ஏறி வந்த தோணிகள் கள்ளமானவை அல்ல என்பதுதான் இதிலுள்ள கொடுமை. அரசாங்கத்துக்குத் தெரிந்து, துரைமாருக்கு வேண்டியபடி, கணக்கெழுதி, பிற்காலத்தில் கழுத்தில் தகரச் சீட்டு மாட்டி அழைத்துவந்த தோணிகள் அவை. ஆனாலும் வசை வசைதான். அது தைத்த இடத்தில் தோணியைப் பற்றிப் பேசவே நாக்கு கூசியது. ஸ்கொட்லாந்துக்காரர் படகைச் சுவரில் படமாக மாட்டியபோது நாம் தோணியை வாயிலிருந்தே எடுத்துவிட்டோம். என் கணிப்பில், மலையகத்தில் தோணி பற்றிய ஞாபகம் இவ்வளவு மெலிந்து போனதற்கு மறதியைவிட இந்த வெட்கமே பெரிய காரணம்.

1914 பெப்ரவரியில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்று மூன்று கப்பல்கள். கட்டியது ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பட்டறை. கிளாஸ்கோ தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்க வந்தவர்கள் கிளாஸ்கோ கப்பலில் வந்து இறங்கினார்கள்! மண்டபம் முகாமில் பரிசோதனை, கப்பல், தலைமன்னார் ரயில் என்று வரவே ஓர் ஒழுங்குக்குள் வந்துவிட்டது. ஆள் ஏற்றும் தோணியின் காலம் அதோடு முடிந்தது. பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு தலைநகரங்கள் முடிவு செய்தன. அந்த டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை விழுங்கிவிட்டது. திரும்பிப் போனவர்களை இராமேஸ்வரத்தில் இறக்கியது ‘இராமானுஜம்’ கப்பல். இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டதும் அதுவும் நின்றது.

அதற்குப் பிறகு மறுபடியும் படகு. 1958, 1977 கலவரங்களில் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிப்போன மலையகக் குடும்பங்களில் பல, போரில் அங்கிருந்தும் கிளம்பி, மன்னார்க் கரையில் மீன்பிடிப் படகேறி இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தன. அவர்களைத் தங்கவைத்த முகாம்களில் ஒன்று அதே மண்டபம். பாட்டனைப் பரிசோதித்து அனுப்பிய இடத்தில் பேரன் அகதியாகப் பதிந்துகொண்டான்.

மரமோ அதற்குள் விலகிவிட்டது. 1967இல் காரைநகரில் நோர்வேக்காரர் உதவியோடு தொடங்கிய சீநோர் தொழிற்சாலை, கண்ணாடிநார்ப் படகுகளை வடக்குக்குப் பழக்கியது. குறை சொல்ல மாட்டேன். கண்ணாடிநார்ப் படகு இலகு, கலப்பற்று வேண்டாம், புழு அரிக்காது. மீனவனுக்கு மீன் முக்கியம், பாரம்பரியம் பிறகுதான். தூத்துக்குடியில் மட்டும் மரத்தோணி இன்னமும் மூச்சு விடுகிறது. நூறடியைத் தாண்டும் உடல், பாய்க்குப் பதில் எஞ்சின், மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் காய்கறியும் கட்டடச் சாமானும் ஏற்றிக்கொண்டு ஓட்டம். ஆனால் மரத்தின் விலை ஏறுகிறது, ஓடாவிமாரின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். தகப்பன் பக்கத்தில் நின்று பழகும் கணக்கு, நிற்க மகன் இல்லாதபோது அந்தத் தகப்பனோடு போய்விடும்.

இலங்கையில் தேயிலையின் பாரம்பரியம் நன்றாகவே பாதுகாக்கப்படுகிறது, துரைமார் பக்கத்தில். ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலை தேயிலை அருங்காட்சியகமாகிவிட்டது. அங்கே ஜேம்ஸ் டெய்லரின் சாமான்களைப் பார்க்கலாம். கந்தப்பளை ஹெதர்செட் தொழிற்சாலை நட்சத்திர ஹோட்டல். காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்த துரை பங்களாக்களில் ஓர் இரவு தங்க ஒரு கொழுந்துக்காரியின் பல மாதச் சம்பளம் போதாது. உழைத்தவர் பக்கத்தில் இருப்பது கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்தையே மாற்றி 2007இல் திறந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம். சின்ன இடம், பெரிய காரியம். கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, தப்பு, பித்தளைப் பாத்திரம் எல்லாம் நம் லயத்திலிருந்து போனவை. அங்கே நின்று பார்க்கும் பிள்ளைக்கு, இந்தப் பாத்திரத்தோடு பூட்டி எதில் ஏறி வந்தாள் என்று காட்ட ஒரு தோணி வேண்டும்.

2023இல், நம் முன்னோர் வந்த இருநூறாவது ஆண்டை ‘மலையகம் 200’ என்று நினைவுகூர்ந்து, ஜூலை 28 அன்று தலைமன்னாரில் புறப்பட்டு ஓகஸ்ட் 12 அன்று மாத்தளை வரை நடந்தார்கள். முன்னோர் நடந்த தடத்தில் கால் பதித்து நடந்த அந்த நடை, இந்தச் சமூகம் தனக்குத்தானே செய்துகொண்ட மரியாதை. நடையைத் திரும்ப நடந்து காட்டியாகிவிட்டது. கடல் மிச்சம் இருக்கிறது.

ஆகவே ஒரு யோசனையை வெளிப்படையாக வைக்கிறேன். ஒரு வத்தையையோ சிறு தோணியையோ பழைய முறையில் கட்ட வேண்டும். தூத்துக்குடியிலோ வல்வெட்டித்துறையிலோ மன்னாரிலோ, கையில் கணக்கு மிச்சமிருக்கும் மூத்த ஓடாவி ஒருவரை அழைத்து, அவர் சொல்லச் சொல்ல நம் பிள்ளைகள் கை வைத்துக் கட்ட வேண்டும். ஆன்ஸ்ட்ரதர்க்காரர்கள் செய்ததும் அதுதானே. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தச்சு பழகுகிற பையன்கள் இருக்கிறார்கள், தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. ஏரா கிடத்துவதிலிருந்து கண் வைப்பது வரை ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து, அளவு எழுதி வைக்க வேண்டும். கட்டி முடித்ததும் அது தலைமன்னாரில், மக்கள் இறங்கிய கரையில் நிற்கட்டும். செதுக்கிய சிறு மாதிரி ஒன்று கம்பளைக்குப் போகட்டும். செலவு ஒரு பெரிய தோட்டக் கோவில் திருவிழாவின் செலவுக்கு மேல் போகாது என்பது என் மதிப்பு. போனாலும் வெளிநாட்டிலிருக்கும் நம் பிள்ளைகள் தாங்குவார்கள்.

தோணியை அழகுபடுத்தி, வந்த பாட்டை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நெருக்கி ஏற்றியதும், வாந்தியும் வயிற்றுப்போக்கும், கடலில் போட்ட உடல்களும் அந்தத் தோணியின் வரலாற்றில் சேர்த்துத்தான். அந்தப் பாவம் ஆள் சேர்த்தவன் மேல், கணக்கு எழுதியவன் மேல். வங்கு தேடி அலைந்த ஓடாவி மேலோ பலகை நுனியில் தொங்கிய மாலுமி மேலோ அல்ல. அவர்களுடைய வேலை இந்தக் கடலில் பிறந்த பெரிய அறிவு. அது நம்முடையதும்தான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய தகரச் சீட்டோ, மண்டபம் முகாமின் தாளோ, கப்பல் சீட்டோ இருந்தால் பழைய இரும்புக்காரனுக்குப் போடாதீர்கள். எந்தத் துறையில் ஏறினோம், எத்தனை நாள் கடலில் கிடந்தோம் என்று பாட்டன் பூட்டன் சொன்னதாக ஒரு வரி ஞாபகமிருந்தாலும் ஊர்ப் பெயரோடும் ஆண்டோடும் எழுதி, பக்கத்துப் பாடசாலைக்கோ கம்பளை அருங்காட்சியகத்துக்கோ ஒரு பிரதி கொடுங்கள். எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் உங்கள் லயத்தில் இருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள்.